மாப்ள உருக்கிப்போட்ட வாலுக

அந்தக் குழாயைக் கொஞ்சம் அக்கட்ட சாச்சு வெச்சுக்கறீங்களா தம்பி. உள்ளார தூண்டில் ராடு இருக்குது. தெரியாம மிதிச்சுப்போட்டீங்கனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா மனசுக்குள்ள வெச்சுக்குவேன். என்ற கொணம் அப்படி.

ஆமாங்க, மீன் புடிக்கத்தான் போறேன். நெரிஞ்சிப்பேட்டைக்கு. கதவணையில தண்ணி தேக்கியிருக்காங்க, விரால் மேல வருதாம். ஏன், வேட்டியப் பாக்கறீங்களா? பட்டு வேட்டிதான். மீன் புடிக்கறவன் பட்டு வேட்டி கட்டக் கூடாதுன்னு சட்டமா? வூட்டுல இருந்த மத்த வேட்டியெல்லாம் என்ற சம்சாரம் சோப்புத் தண்ணியில ஊறப் போட்டுட்டுப் போயிட்டா. பேண்ட்டும் அதுக்குள்ளதான் கெடக்குது. பீரோவுல தொங்குனது இது ஒண்ணுதான், தேச்சு, மடிப்புக் கலையாம. அம்மணமாவா வர முடியும்.

சந்தனமா? அது காலைல கோயிலுக்குப் போனேன், பூசாரி வெச்சு உட்டாரு. வேண்டாம்னு சொல்ல முடியுமா.

நீங்க எங்க எறங்கோணும்? மேட்டூரா. நல்லதாப் போச்சு, நாயம் பேச நேரம் இருக்குது. பவானியில டீக்கு நிப்பாட்டுவாங்க. பொறவு அம்மாபேட்டை. அம்மாபேட்டையில ரோட்டு மேலயே ஒரு மண்டபம் வரும், வாழமரம் கட்டியிருப்பாங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். நீங்க வேண்ணா பாருங்க. இன்னைக்கு அங்கதான் என்ற தங்கச்சி பொண்ணு தாரணிக்குக் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். எனக்கு ஒரே தங்கச்சி, அவளுக்கு ஒரே பொண்ணு. நான் தாய்மாமன். நான் போகல.

ஏன்னு கேளுங்க. கேக்கலைனாலும் சொல்லத்தான் போறேன்.

எங்க மாப்ள அர்த்தநாரி. தங்கச்சி புருசன். மாப்ளைனா அவரு இவருன்னு மரியாதையாச் சொல்லோணும், எனக்கு இப்ப வாயில வர மாட்டேங்குது, சில நேரம் அவன்னு வந்துரும், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாபேட்டையில மாட்டு மருந்துக் கடை வெச்சிருக்கறாரு. கழிச்சலுக்கு, உண்ணிக்கு, மடி நோவுக்கு, எல்லாத்துக்கும் பாட்டல் பாட்டலா இருக்கும். அதை ஞாபகத்துல வெச்சுக்கங்க. பொறவு சொல்றேன்.

எனக்குப் பெருந்துறை ரோட்டுல பட்டறை. தேஞ்ச லாரி டயருக்கு மேல புது ரப்பரை ஒட்டி, வேக வெச்சு, புது டயராட்டம் ஆக்கிக் குடுக்கறது. எந்த லாரிக்காரனை வேண்ணாலும் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன் ஒட்டுன ரப்பரு வழியில உரிஞ்சுதுன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். ரப்பரப் பத்தி என்கிட்ட ஒருத்தன் பேசோணும்னா அவன் மரத்துல பால் எறக்குனவனா இருக்கோணும். இதையும் ஞாபகத்துல வெச்சுக்கங்க.

எனக்கும் மாப்ளைக்கும் ஞாயித்துக்கெழமைனா ஆத்துலதான் பொழுது. அவங்க வூட்டுக்குப் பின்னாலயே காவேரி. ஒரு பரிசல் வாங்கிப் போட்டோம். அவரு துடுப்புப் போடுவாரு, நான் வீசுவேன். என்ற தங்கச்சியக் கட்டுன புதுசுல இருந்து அப்படித்தான். மண்புழு மாட்டி உக்காந்திருக்கற தூண்டில் இல்லீங்க. வீசி, சுத்தி இழுக்கறது. பொய் எரை. மாப்ள போன்ல பாத்துப் பாத்து எல்லாங் கத்துக்கிட்டாரு.

ஜிக்குன்னு ஒரு சாமான். ஈயத்துல ஒரு தலை, அதுல ஒரு முள்ளு, முள்ளைச் சுத்தி ரப்பர் இழை பாவாடையாட்டம் தொங்கும். அதை மட்டும் தண்ணியில உட்டா மீனு ஏறெடுத்துப் பாக்காது. அதுக்குப் பின்னால ஒரு ரப்பர் வாலைக் கோக்கோணும். நண்டுக் கொடுக்காட்டம் ஒண்ணு இருக்குது, ரெட்டை வாலு ஒண்ணு, துடுப்பாட்டம் ஒண்ணு. இழுக்கயில அது தண்ணிக்குள்ள உசுரோட நீந்தற மாதிரி ஆடும். ட்ரெய்லருன்னு பேரு. லாரிக்குப் பின்னால மாட்டறாங்கல்ல, அதே பேருதான். நாங்க வாலுன்னே சொல்லிக்குவோம்.

அதைக் கோக்கறதுலதான் சூட்சுமம். வாலை முள்ளுப் பக்கத்துல வெச்சுப் பாத்து, முள்ளு எந்த எடத்துல வெளிய வரோணுமோ அங்க நகத்தால ஒரு கீறு. பொறவு வாலோட மூக்குக்கு நட்ட நடுவுல குத்தி, அலுங்காம ஏத்தி, கீறுன எடத்துல முனைய வெளிய எடுக்கோணும். மூக்குல ஒரு சொட்டுப் பசை. ஒரு நெல்லு அகலம் தள்ளிப் போச்சுனாலும் வாலு கோணிக்கும். கோணுன வாலு தண்ணிக்குள்ள பம்பரமாச் சுத்தும். சுத்தற எரைய விரால் தொடாது.

எனக்கு எல்லாந் தெரியும். கையிதான் வராது. இந்த விரலப் பாருங்க, அடுப்புல வெந்து வெந்து காச்சிப்போயிருச்சு, பொடி சாமான் புடிபடாது. அதனால கோக்கறது மட்டும் மாப்ளதான். பரிசல்ல எதுக்க உக்காந்து கோத்து, முள்ளு என்ற பக்கம் வராம திருப்பிக் குடுப்பாரு. நான் வாங்கி அப்படியே வீசிருவேன். நேரா இருக்குதா, கோணலா இருக்குதான்னு ஒரு நா திருப்பிப் பாத்ததில்ல. சாமிகிட்ட திருநீறு வாங்கற மாதிரி கண்ண மூடிட்டு வாங்குனேன் தம்பி. அப்படி நம்புனவனை ஒருத்தன் கழுத்தறுத்தா எப்படி இருக்கும்?

பவானி வந்துருச்சு பாருங்க. டீக்கு எறங்கலீங்களா? சரி, இந்தப் பைய மட்டும் மடியில வெச்சிருங்க. உள்ளார டப்பா இருக்குது, சாய்க்காதீங்க. தோ வந்தர்றேன்.

இந்தாங்க, உங்களுக்கும் ஒரு வடை. சாப்பிடுங்க. பை சாயல இல்ல? நல்லது.

எங்க உட்டேன். ஆங், துரோகம்.

தை மாசம் ஈரோட்டுத் தூண்டில் கிளப்புக்காரங்க போட்டி வெச்சாங்க. ஜோடி ஜோடியாப் போகோணும். அதுக்கு முந்தி ரெண்டு வருசம் நாங்கதான் ரெண்டாவது. கிளப்புல 'சென்னியப்பன் டீம்'னு சொன்னாத்தான் தெரியும். ஒரு தடவை மாப்ள கேட்டாரு, "மச்சான், ஒரு நாளைக்கு நான் வீசிப் பாக்கட்டுங்களா"ன்னு. "நீங்க வீசுனா பரிசலை ஆருங்க மாப்ள தள்றது"ன்னேன். நாயமான கேள்விதானே? சிரிச்சுட்டு துடுப்ப எடுத்துக்கிட்டாரு. அப்பவே உள்ளுக்குள்ள என்னமோ இருந்திருக்குது. எனக்குத்தான் வெளங்கல.

இந்தத் தடவை நமக்குத்தான் மொதல் எடம்னு இருந்தோம். போட்டிக்கு முந்தி ஒரு பாக்கெட்டு கொண்டாந்து குடுத்தாரு. "மச்சான், இது புது தினுசு. இழுத்துப் பாருங்க"ன்னாரு. இழுத்தா ஒரு முழம் வருது, அறுகல. உட்டா பழையபடி சுருங்கிக்குது. விரால் பல்லுக்கு இதுதான் தாங்கும்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். "ஆனா இதைப் பழைய வாலுகளோட சேத்து வெச்சுராதீங்க மச்சான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காது, தொட்டாப் போதும், உருகிப்போயிரும். இதே பாக்கெட்டுல தனியா வையுங்க"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு தாங்கல. ஏந் தம்பி, ரப்பரும் ரப்பரும் ஒட்டோணும்னா சூடு வேணும், அழுத்தம் வேணும், நடுவுல பசை ரப்பரு வேணும். அத்தனையும் இருந்தே சில நேரம் ஒட்டாது. பக்கத்துல பக்கத்துல சும்மா படுத்திருந்தா உருகிருமா? என்ற பட்டறையில மலையாட்டம் டயரு ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது, நாலு கம்பெனி ரப்பரு. எதாச்சும் உருகி ரோட்டுல ஓடுச்சா? மாட்டு மருந்து விக்கற ஆளு எனக்கு ரப்பரு சொல்லிக் குடுக்கறாரு. சரிங்க மாப்ளன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்.

எனக்கு எதுவும் ஒழுங்கா இருக்கோணும். பாக்கெட்டு பாக்கெட்டாக் கெடந்தா புடிக்காது. டப்பாவுல அறை அறையா இருக்குதல்ல, கருப்போட கருப்பு, பச்சையோட பச்சை, தேன் கலரோட தேன் கலரு. பழசு புதுசு எல்லாத்தையும் கலர் வாரியாப் பிரிச்சு அடுக்கி மூடுனேன். போட்டிக்கு மொத நாளு மாப்ள வூட்டுக்கே போயிட்டேன், வெள்ளனே எந்திரிக்கோணுமில்ல. டப்பாவ அவங்க வூட்டு வராந்தாவுல வெச்சுட்டுத் தூங்குனேன். தங்கச்சி வூடுதானேன்னு வெச்சேன்.

விடிஞ்சு பரிசல் ஏறி, நடு ஆத்துல போயி டப்பாவத் தொறக்கறேன். கருப்பு அறையில வாலு இல்லீங்க. கருப்பட்டிப் பாகு இருக்குது. பச்சை அறையில பச்சையா என்னமோ பிசுபிசுன்னு கெடக்குது. விரல உட்டா விரலோட நூலா வருது. ஒண்ணு உருப்படியாத் தேறல. அத்தனையும் பாத்துப் பாத்து வாங்குனது.

மாப்ள எட்டிப் பாத்தாரு. பாத்துட்டு, "அட, சேத்து வெச்சுட்டீங்களா மச்சான்"னு சிரிச்சாரு. சிரிச்சாருங்க. பொறவு அவரு பைய எடுத்தாரு. அதுல அவரு வாலுக, பாக்கெட்டு பாக்கெட்டா, கடையில இருந்து இப்பத்தான் வாங்குன மாதிரி பளபளன்னு இருக்குது. அங்கதான் எனக்குச் சுருக்குனுச்சு. ஒரே வூட்டுல, ஒரே ராத்திரி. என்றது அத்தனையும் கூழாப் போயிருக்குது, அவன்றது மட்டும் ஒண்ணு கூடக் கெடல. அது எப்படீங்க? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

மாட்டு மருந்து தம்பி. உண்ணி மருந்து ஒரு மூடி ஊத்துனாப் போதும், ரப்பரு என்னாகும்? இதை நான் மொதல்லயே ஞாபகத்துல வெச்சுக்கச் சொன்னேன்.

என்னது? இல்ல, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே. பாக்கெட்டுல தனியா வெச்சதனால அவரோடது கெடலயா? தம்பி, நீங்க அம்மாபேட்டைக்காரங்களா? இல்லீங்க, சும்மா கேட்டேன். அவரும் இதேதான் சொன்னாரு, வரி மாறாம.

"இந்தாங்க மச்சான், என்றதுல ஒண்ணைக் கோத்துத் தர்றேன்"னு கோத்து நீட்டுனாரு. முள்ளை அந்தப் பக்கம் திருப்பித்தான் நீட்டுனாரு, எப்பவும் போல. தட்டி உட்டேன். ஆத்துல போயி உழுந்துச்சு. பரிசலைக் கரைக்குத் தள்ளுன்னேன். தள்ளுனாரு. கரையில கிளப்பு ஆளுங்க, ஊர் ஆளுங்க, அவரு கடைக்கு மருந்து வாங்க வர்றவங்க எல்லாரும் நிக்கறாங்க. அத்தனை பேருக்கு மின்னால சொன்னேன். "தங்கச்சியக் குடுத்த வூடுன்னு நம்பித் தூங்குனேன், சோறு போட்ட கையிலயே மாட்டு மருந்தையும் ஊத்திப்போட்டான்"னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். கொரலு எனக்குச் சின்னதா வராது.

அவரு என்ன பண்ணியிருக்கோணும்? மேல பழி உழுந்தா மனுசன் கத்தோணும், சட்டையப் புடிக்கோணும், கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன்னு நிக்கோணும். ஒண்ணுமே பண்ணல. "நான் சொன்னேனுங்களே மச்சான்"னு ஒரு வார்த்தை. அதுக்குப் பொறவு பரிசலைத் தூக்கிக் கவுத்து வெச்சுட்டு வூட்டுக்குப் போயிட்டாரு. சும்மா போனா என்ன அர்த்தம்? மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்.

அன்னைக்கு அத்துப் போச்சு. இருவத்தஞ்சு வருசப் பழக்கம் தம்பி. ஞாயித்துக்கெழமை வந்தா கையி காலு என்ன பண்றதுன்னு தெரியாம பட்டறையில போயி வெட்டியா உக்காந்திருப்பேன். மாப்ளன்னு வாய் நெறையக் கூப்புட்ட ஆளு எனக்கு வேற ஆரு இருக்காங்க? அதைத்தான் சொல்றேன், எதிரி பண்ணுனா வலிக்காதுங்க.

இல்ல, மீன் புடிக்கறத உடல. தனியாப் போறேன், கரையில நின்னு வீசறேன். நானேதான் கோத்துக்கறேன், இந்த விரல வெச்சுட்டு. மீனா? மீனெல்லாம் இப்ப எங்கீங்க கெடைக்குது. சாயத் தண்ணி உட்டு உட்டு ஆத்தையே கெடுத்துப்போட்டாங்க. தை மாசத்துல இருந்து ஒண்ணு கூடக் கடிக்கல.

தங்கச்சி வந்தா. கோகிலவாணி. அழுதா. "ஏனுங்ண்ணா, அவரு உங்க டப்பாவத் தொடுவாருங்களா? நீங்க பேசுனதுல இருந்து மனுசன் ஆத்துப் பக்கமே போறதில்லீங்க"ன்னா. போக மாட்டான், மனசாட்சி குத்தும். போகயில ஒரு பையி குடுத்தா. உள்ளார அதே இழுபடற வாலு, புதுப் பாக்கெட்டு. "அவரு குடுத்து உட்டாருங்ண்ணா, தனியா வெக்கச் சொன்னாரு"ன்னா. பாத்தீங்களா, இன்னும் அதே பாட்டு. பொருள் என்ன பாவம் பண்ணுச்சுன்னு எடுத்து வெச்சுக்கிட்டேன்.

பொறவு கல்யாணம் முடிவாச்சு. அழைக்க வந்தாங்க, ரெண்டு பேரும், தட்டத்துல வெத்தலை பாக்கு பழத்தோட. நான் பட்டறையில இருந்தேன். உள்ளார டயரு வெந்துட்டு இருக்குது, எப்படி வர்றது? வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. அந்த டயரு வெந்து முடிஞ்சுச்சு. நான் அடுத்த டயரை ஏத்திட்டேன். வெயிலு தாந்து, தட்டத்த என்ற மேஜை மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. மாப்ள போகயில பட்டறைக் கதவுகிட்ட வந்து ஒரு நிமிசம் நின்னாரு. நான் பாக்கலன்னு நெனச்சிருப்பாரு. பாத்தேன். ஆளு எளச்சிருந்தாரு.

அதுக்குமேல கேளுங்க. எங்க பக்கம் கல்யாணப் பொண்ணு நெத்தியில தாய்மாமன் பட்டம் கட்டோணும். தங்கத்துல, தகடாட்டம், ரெண்டு பக்கமும் கயிறு கோத்து. அது மாமன் கையில வர்றதுதான் மொறை. நான் வரமாட்டேன்னு சொன்னேன். சொன்னேந்தான். அதுக்கு என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? என்ற பெரியப்பன் பையன் வையாபுரி, அவனைக் கட்டச் சொல்லியிருக்காங்களாம். என்ற சம்சாரம் வளர்மதிதான் வந்து சொல்றா. நான் வரலைனா உடனே ஆளை மாத்திருவாங்களா? ஒறம்பரை, சொந்தபந்தம்னா நாலு தடவை வந்து வாசல்ல நிக்கோணுமா இல்லியா? இவங்க மூணு தடவைதான் வந்தாங்க. இது துரோகமில்லாம என்னங்க?

அந்தப் புள்ளைக்குக் காது குத்துனது என்ற மடியில உக்கார வெச்சுத்தான். அழுது அழுது என்ற சட்டையக் கடிச்சு ஓட்டை போட்டுட்டா. நேத்துப் போன் பண்ணுனா. "மாமா, வையாபுரி மாமா கட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க வரலைனா நான் வெறும் நெத்தியோடவே உக்காந்துக்கறேன்"னு சொன்னா. நான் போனை வெச்சுட்டேன். பாருங்க, அந்தப் புள்ளையும் அப்பன் பக்கம் சேந்துக்கிட்டு என்னைய மெரட்டுது.

பட்டம் செஞ்சாச்சுங்க. நிச்சயத்துக்கு மின்னாலயே செஞ்சுட்டேன். கோவம் வேற, தங்கம் வேற. இந்தா, இந்த டப்பாவுலதான் இருக்குது. ஏன் மீன் டப்பாவுலன்னு பாக்கறீங்களா? வூட்டுல ஆளில்ல. வளர்மதி காரை எடுத்துட்டு டிரைவரோட நேத்தே மண்டபத்துக்குப் போயிட்டா. பூட்டுன வூட்டுல தங்கத்த வெச்சுட்டுப் போக முடியுமா? அதான் எடுத்துட்டு வந்தேன். வேற எதுக்கும் இல்ல.

இந்த டப்பா புதுசு. பூட்டு வெச்சது. பட்டது போதும்னு பூட்டு வெச்சே வாங்குனேன். சாவி என்ற அரைஞாண் கயித்துல, இந்தா, குளிக்கயிலயும் கழட்டறதில்ல. எல்லாம் மறுபடியும் வாங்கி, கலர் வாரியா அடுக்கி, தங்கச்சி குடுத்ததையும் அதுக்குள்ளயே சேத்து, பூட்டிட்டேன். அது ஆச்சு பத்துப் பதினஞ்சு நாளு. கரைக்குக் கொண்டு போறது பழைய டப்பா, அது வேற. இதை இன்னைக்குன்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். காலைல கூட இந்த ஓரத்துல மூடிய லேசாத் தொறந்து பட்டத்த மட்டும் உள்ளார தள்ளிட்டு மூடிட்டேன். இப்ப ஒரு பய தொட முடியுமா? பாருங்க, தொறந்து காட்டறேன். மாப்ள கையி படாத டப்பா எப்படி இருக்குதுன்னு பாருங்க.

இருங்க.

இருங்க தம்பி.

சாவி என்கிட்டத்தானே இருக்குது.

கருப்பும் போச்சு. இந்தா, இதுவும் போச்சு. தேன் கலரு... இது மட்டும் நல்லா இருக்குது, இதுல பழைய தினுசு மட்டுந்தான் வெச்சேன், தங்கச்சி குடுத்ததுல தேன் கலரு இல்ல. மத்ததெல்லாம் அதே பாகு. அதே மாதிரி. சாவி என்ற இடுப்புலதான் இருக்குது. பையி உங்க மடியில இருந்துச்சு, நான் டீக்கு... இல்லீங்க, உங்களைச் சொல்லல. பூட்டியிருந்துச்சே. நீங்க என்ன பண்ணுவீங்க.

வளர்மதி. அவதான். நான் தூங்குனா இடி உழுந்தாலும் தெரியாது. இடுப்புல இருந்து சாவிய எடுக்கறது அவளுக்கு ஒரு வேலையா? அவ அவங்க பக்கந்தான், தை மாசத்துல இருந்தே அவங்க பக்கந்தான். வேட்டியெல்லாம் ஊறப் போட்டவ இதைப் பண்ண மாட்டாளா. நீங்க ஏந் தம்பி அந்தத் தேன் கலர் அறையவே பாக்கறீங்க? எனக்குத் தெரியுது. நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். இப்ப ஒண்ணுஞ் சொல்லாதீங்க.

அய்யோ, பட்டம். சுத்தி வெச்ச ரோஸ் தாளு நனைஞ்சு போயிருக்குது பாருங்க, அந்த அறையில இருந்து இக்கட்ட வழிஞ்சிருக்குது. உங்ககிட்ட கைக்குட்டை இருக்குதுங்களா? குடுங்க. வேட்டியில தொடச்சா கறை புடிக்கும். தங்கத்துக்கு ஒண்ணும் ஆகாது, தங்கம் தங்கந்தான். ஆனா போக மாட்டேங்குதே. தொடைக்கத் தொடைக்க ஈசிக்குது. தாமரைப்பூ வேலைப்பாடு, அந்த இதழு சந்துக்குள்ளாரயெல்லாம் பூந்துருச்சு. இதை அந்தப் புள்ளை நெத்தியில எப்படி...

என்னங்க கத்தறான் கண்டக்டரு? அம்மாபேட்டையா? அதுக்குள்ளயா? மேளச் சத்தம் கேக்குது. மணி என்னாச்சு உங்களுக்கு? பத்து தானா. இன்னும் நேரம் இருக்குது.

கண்டக்டரே, ஆள் எறங்கோணும், கொஞ்சம் நிறுத்துங்க.

வளர்மதியக் கேக்கப் போறேன். மண்டபத்துலயே வெச்சு, நேருக்கு நேரா கேட்டுப்போட்டு வந்தர்றேன். அதுக்குத்தான் எறங்கறேன், நீங்க வேற எதையும் நெனச்சுக்காதீங்க. ராடா? அதை எதுக்குங்க இப்ப, கல்யாண மண்டபத்துக்குள்ள அதையத் தூக்கிட்டா போறது. நெரிஞ்சிப்பேட்டை ஸ்டாப்புல டீக்கடையில சென்னியப்பன்றதுன்னு குடுத்துருங்க, வாங்கிக்கறேன்.

கைக்குட்டை வீணாப் போச்சு, மன்னிச்சுக்கங்க. இந்தப் பிசினை எடுக்கறதுக்கு அர்த்தநாரி கடையில ஒரு எண்ணெய் இருக்குது. ஜிக்குல பழைய பசை ஒட்டியிருந்தா பஞ்சுல தொட்டு, குச்சி நுனியில சுத்தி, பாவாடை கலையாம எடுத்துக் குடுப்பாரு. முகூர்த்தத்துக்குள்ள எடுத்துருவாரு. அவரைத்தான் கேக்கோணும். என்ற விரலுக்கு இந்தப் பொடி வேலையெல்லாம் வராதுங்க.